ஞாயிற்றுக்கிழமைப் பொட்டு

இங்கே ஸ்கேன் அறையில் திரை நம் பக்கம் பார்த்து இருக்கிறது. படுக்கைக்கு எதிர்ச் சுவரில் வீட்டு டிவி அளவுக்கு மாட்டியிருக்கிறார்கள். முதல் முறை போய்ப் படுத்தபோது நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். பார்க்கக் கூடாததைப் பார்த்துவிடக் கூடாதே என்ற பழக்கம். திருச்செங்கோட்டில் சித்திக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் துணையாக நான் போன ஸ்கேன் சென்டர்களில் திரை டாக்டர் பக்கம்தான் இருக்கும். ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் குற்றம் என்ற பலகை நம் பக்கம் இருக்கும். இங்கே ஸ்கேன் எடுத்த பெண் விரலை நீட்டி, "அங்கே இல்லை, இங்கே பாருங்கள்" என்றாள். முதுகெலும்பைக் காட்டினாள், இதயத்தின் நான்கு அறைகளைக் காட்டினாள். பிறகு, "என்ன குழந்தை என்று சொல்லட்டுமா?" என்று கேட்டாள். நான் குரலைத் தாழ்த்தி, "சொன்னால் உங்களுக்கு ஏதும் பிரச்சினை வராதே?" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. "எனக்கு ஏன் பிரச்சினை? குழந்தை உங்களுடையது" என்றாள். என் கணவர் தினேஷ் சிரித்துவிட்டார்.

பெண் குழந்தை என்று சொன்ன அதே குரலில், நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறது என்றும் சொன்னாள். ரத்தப்போக்கு வரலாம், பெரும்பாலும் தானாக மேலேறிவிடும், அதுவரை நெடுந்தூரப் பயணம் வேண்டாம். நெதர்லாந்தில், ஐந்தோவன் என்ற இந்த ஊரில், எதையும் முதலில் கர்ப்பிணியிடம்தான் சொல்கிறார்கள். கணவனிடமோ தாயிடமோ தனியாகக் கூப்பிட்டுச் சொல்வதில்லை. நல்லது, கெட்டது, நடக்க வாய்ப்பில்லாதது எல்லாவற்றையும் நம் முகத்தைப் பார்த்தே சொல்கிறார்கள். நான் பிறந்த ஊரில் கர்ப்பிணியிடம் கடைசியாகத்தான் சொல்வார்கள். இங்கே கோடையாக இருந்த அந்த ஆடி மாதத்தில், எனக்கு ஆறாவது மாதம் நடக்கும்போது, என் அப்பா இறந்துபோனார். அது எனக்குச் சொல்லப்படவில்லை. ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது. என்னைப் போல் வெளியே வந்து பிள்ளை பெற்றவர்கள் ஒருமுறை தங்கள் கணவரின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அப்பா போர்வெல் வண்டிக்காரர். எங்கள் ஊரில் அந்தத் தொழிலில் இருப்பவர்கள் வருஷத்தில் பாதியை வேறு மாநிலங்களில் கழிப்பார்கள். கம்ப்ரசர் சத்தத்தில் காது மந்தமாகி, போனில் அவர் பேசினால் பக்கத்து அறையில் இருப்பவர்களும் பதில் சொல்லலாம். நான் பிறந்தபோது அவர் ஆந்திராவில் துளை போட்டுக்கொண்டிருந்தார். என்னை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிக்கத் தெரிந்திருந்ததாம். நான் உண்டாகியிருப்பது தெரிந்த நாளில், "இந்தத் தடவ வண்டிய ஆளுகளோட அனுப்பிச்சுட்டு நான் ஊட்லயேதான் இருக்கப்போறன். உன்ற பொறப்பத்தான் தவற உட்டுட்டன்" என்றார். ஏழாம் மாதம் நான் ஊருக்குப் போவது, தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பதெல்லாம் அன்றே முடிவானது. நஞ்சுக்கொடியால் அது நின்றுபோனதும், தானே கிளம்பி இங்கே வருவதாகச் சொல்லி பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

நான் சிப் இயந்திரங்களுக்கான பாகங்களைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். ஒரு பாகத்தில் எது மாறினாலும் மாற்றத்தை எழுதி, புது எண் கொடுத்துவிடுவோம். உடம்பையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பல் துலக்கினால் ஈறில் ரத்தம். கழுத்து மடிப்பு கருத்தது. தொப்புளிலிருந்து கீழே ஒரு கோடு. மோதிரம் ஏறவில்லை. மூக்கு கொஞ்சம் பரந்தது. தலைமுடி மட்டும் முன்னெப்போதையும்விட அடர்த்தி. காப்பி வாசனை பிடிக்காமல் போய், சக்கரம் மாற்றும் கடையின் ரப்பர் வாசனை பிடித்துப்போனது. ஒவ்வொன்றையும் அம்மாவிடம் சொல்வேன். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்று அம்மா சொன்னால் அந்த மாற்றம் சரி பார்க்கப்பட்டதாக எனக்குக் கணக்கு. பின்னாலிருந்து அப்பாவின் சத்தம் வரும்: "தண்ணி குடிச்சயா சாமி?" முதல் அசைவு வந்தபோது, தொட்டியில் மீன் திரும்புவது போல இருக்கிறது என்று சொன்னேன். "கால நீட்டி ஒக்காந்துக்க, அதுக்கு எடம் வேணுமல்ல" என்றார்.

ஆடி மாதம் ஒரு வாரம் அம்மா போனை எடுக்கவில்லை. பிறகு எடுத்தபோது குரல் கட்டியிருந்தது. தொண்டை சரியில்லை என்றாள். அப்பா எங்கே என்றேன். "வண்டி சத்தீஸ்கர்ல நிக்குதாமா. மேனேஜர் சொல்லாம ஊருக்குப் போய்ட்டானாமா. உங்கப்பா அவசரமாக் கெளம்பிட்டாரு. காட்டுக்குள்ளார டவர் இல்ல சாமி." வீடியோவில் வா என்றால், போனில் கேமரா போய்விட்டதாம். எனக்கு அப்பா மேல் கோபம் வந்தது. சிரித்துக்கொண்டே தொடங்கிய கோபம், வாரம் ஆக ஆகச் சிரிப்பில்லாமல் போனது. அவர் எண்ணுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். "நல்லா இருக்குதுங்கப்பா. நான் பொறந்தப்பவும் வல்ல, இப்பவும் போயாச்சு. உங்குளுக்கு வண்டிதான புள்ள" என்று ஒன்று. "பேசவே வேண்டாமுங்க, வண்டியவே கொஞ்சிட்டிருங்க" என்று இன்னொன்று. எல்லாம் போய்ச் சேராமல் ஒற்றை டிக் குறியோடு நின்றன. டவர் இல்லாத காடு என்று நான் நம்பினேன். உயிரோடு இல்லாத ஒருவரிடம் நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

கேமரா சரியாகிவிட்ட பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மா திரையில் வந்தாள். நெற்றியில் குங்குமம் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. தலையில் கனகாம்பரம். மதியச் சோறு உண்டு படுக்கிற நேரத்தில் அம்மா பூ வைத்து நான் பார்த்ததில்லை. "எங்கீம்மா கெளம்பிட்ட?" என்றேன். "எங்கயுமில்ல, சும்மா வெச்சன்." நான் விடவில்லை. "அப்பா ஊர்ல இல்லாத நேரத்துல யாருக்கும்மா இந்த அலங்காரம்?" அம்மா சிரித்தாள். பல் தெரியச் சிரித்தாள். "உனக்குத்தான் சாமி" என்றாள். அதற்குப் பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே வந்தாள். மற்ற நாட்களில் குரல் மட்டும்.

எங்கள் பக்கம் ஏழாம் மாதத்தில் கட்டுச்சோறு கட்டுவார்கள். தாய் வீட்டார் புளிச்சோறு, தயிர்ச்சோறு, எள்ளுச்சோறு என்று பலவகை கட்டி எடுத்துக்கொண்டு பெண்ணின் வீட்டுக்குப் போய், சந்தனம் பூசி வளையல் போட்டு, பிரசவத்துக்கு அழைத்து வருவார்கள். எனக்கு அது ஆவணியில், இங்கே காலையும் அங்கே உச்சிக்கு முந்தைய நேரமுமாக, போனில் நடந்தது. எங்கள் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்களாம், அதனால் மாமா வீட்டில். மாமா அம்மாவின் தம்பி. அவர் மனைவியான அத்தை மனையில் விளக்கேற்றி, தட்டில் வளையல் வைத்து, போனைச் சுவரில் சாய்த்திருந்தாள். இங்கே தினேஷின் நண்பர் மனைவி ஒருவர் அதே போலக் கண்ணாடி வளையல்களோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டு வழக்கம், பெற்றவள்தான் முதலில் சந்தனம் தொடுவது. அம்மா பூவும் பொட்டுமாக அறையின் மூலையில் நின்றாள். உறவுக்காரப் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள், ஆனால் யாரும் அவள் பக்கத்தில் இல்லை.

"அம்மா, வா. நீ போன் மேலயாச்சும் பூசு. அப்பறம் இவங்க எனக்குப் பூசுவாங்க" என்றேன்.

"அத்த பூசட்டும் சாமி. எனக்குக் கையெல்லாம் புளிச்சோத்து எண்ண."

"கழுவிட்டு வா. நான் இருக்கறன்."

"இருக்கட்டுங் கண்ணு."

"நல்ல நேரம் போவுது" என்று அத்தை அவசரமாகத் தட்டை எடுத்தாள். அம்மா ஓர் அடி பின்னால் போனாள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். கட்டுவதற்கு முன் ஒரு கணம் அந்தக் கைகள் எனக்குத் தெரிந்தன. எண்ணெய் இல்லை. வளையலும் இல்லை.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அத்தை முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் காலையில் திடீரென்று அவளைச் சேலம் பஸ்ஸில் ஏற்றி, சூரமங்கலத்தில் அவள் சின்னம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். துணைக்கு நான். அங்கே கறிச்சோறு உண்டு, ரயில்வே காலனி மரத்தடியில் ஐஸ் தின்று, இருட்டுவதற்குள் திரும்பி வந்தோம். எங்கள் தெருவில் அன்று அத்தையின் கூட்டாளி ஒருத்தி இறந்து, எடுத்து, வாசல் கழுவிவிட்டிருந்தார்கள். பிள்ளை பிறந்த பிறகுதான் அத்தைக்குச் சொன்னார்கள். வயிற்றில் பிள்ளை இருப்பவள் சாவைப் பார்க்கவோ கேட்கவோ கூடாது, பிள்ளை பயந்துகொள்ளும். புருஷனை இழந்தவள் வளையல் தட்டைத் தொடக் கூடாது, பிள்ளைக்கு ஆகாது. அம்மாவுக்கு இரண்டிலும் ஒரே அளவு நம்பிக்கை. முதலாவதற்காகப் பொய்யாகப் பொட்டு வைத்துக்கொண்டாள். இரண்டாவதற்காகச் சந்தனத்தைத் தொட மறுத்தாள். வாரா வாரம் என்னை ஏமாற்ற முடிந்தவளால் என் பிள்ளைக்கு ஒரு கெடுதலைச் செய்ய முடியவில்லை. கை நிறைய வளையலோடு நான் உட்கார்ந்திருந்தேன். நண்பரின் மனைவி என் கன்னத்தில் சந்தனம் பூசினார். ஜில்லென்று இருந்தது. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தேன்.

அவர்கள் கிளம்பிய பிறகு தினேஷ் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நான் கதவில் சாய்ந்து நின்று, "எப்பங்க?" என்று கேட்டேன். அவர் குழாயை நிறுத்தினார். திரும்பவில்லை. "ஆடி பொறந்த அந்த வாரம். நெஞ்சு வலிக்குதுன்னாராம். ஈரோட்டுக்குக் கொண்டுபோற வழியிலயே." பிறகு மாமா அன்று போனில் சொன்னதைச் சொன்னார். "மாப்ள, கொடி வேற எறங்கியிருக்குதுங்கறீங்க. சொல்லி ஏதாச்சும் ஆச்சுன்னா ரண்டு உசுருக்கு நாம பதில் சொல்லோணும்." தினேஷுக்கு அவர் நிறுவனத்தில் பிழை ஒன்றையும் மறைக்கத் தெரியாதவர் என்று பெயர். அந்த வாரங்களில் அவர் அதிகமாகச் சமைத்தார், என்னை அதிகமாக நடக்கக் கூட்டிப்போனார், என்னைவிட முன்னால் நடந்தார். அதெல்லாம் பாசம் என்று நினைத்திருந்தேன். பாசமும்தான். "உங்கம்மாகிட்ட உனக்குத் தெரிஞ்சுதுன்னு காட்டிக்காத. பொறக்கற வரைக்கும் பயந்தே செத்துருவாங்க" என்றார். அவர் சுமந்ததை என் கையில் கொடுத்துவிட்டு, மீதிப் பாத்திரத்தையும் கழுவி முடித்தார்.

எங்கள் பேறுகாலச் செவிலி அன்னெக்கே சைக்கிளில் வருகிறவர். இங்கே அவர்களை வெர்லோஸ்குண்டிகே என்கிறார்கள். அடுத்த பரிசோதனையில் என் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதாவது நடந்ததா என்று கேட்டார். சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்கள் கணவருக்குத் தெரியும். உங்களிடம் மறைத்தார்." ஆமாம் என்றேன். "உங்கள் போனை அவர் பார்ப்பாரா? நீங்கள் தனியாக வெளியே போகலாமா? வீட்டில் பாதுகாப்பாக உணர்கிறீர்களா?" எனக்கு முதலில் எதற்கு இந்தக் கேள்விகள் என்று தெரியவில்லை. தெரிந்ததும், "இல்லை, அவர்கள் என் மேல் உள்ள அக்கறையில்" என்று ஆரம்பித்தேன். எங்கள் வழக்கத்தை விளக்கினேன். விளக்க விளக்க அவர் முகம் இன்னும் கவலையானது. "அப்படியென்றால் உங்கள் அப்பாவின் இறுதிச் சடங்கில் நீங்கள் இல்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, உங்களைத் தவிர" என்றார். அடுத்த முறை தினேஷைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அதே கேள்விகளை மறுபடியும் கேட்டார். தினேஷ் வெளியே என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதன் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. அம்மா பொட்டோடு வந்தாள். நான் தெரியாதவளாக இருந்தேன். வயிறு இறுகிப் பளபளத்தது. கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடித்தது. செருப்பு ஒரு அளவு பெரிதாக வாங்கினேன். நடக்கும்போது பின்னால் சாய்ந்து நடந்தேன், பெட்ரோல் டேங்க்கைக் கட்டிக்கொண்டு நடப்பது போல. எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில், "அப்பா பேசினாரா?" என்று கேட்பேன். கேட்காமல் விட்டால் சந்தேகம் வரும் என்பது காரணம். முழுக் காரணம் அதுவல்ல. "பேசுனாரு. அங்க மழையாமா." "கால் வீங்குதுன்னு சொன்னியா?" "சொன்னன். மேல தூக்கி வெச்சுக்கச் சொல்லுன்னாரு." அவர் சொல்லியிருக்கக் கூடியதையே அம்மா சொன்னாள். ஒரு வாரம் நான் எல்லை மீறி, "என்ன பேரு வெக்கலாம்னு கேட்டியாம்மா?" என்றேன். அம்மா பூவைச் சரிசெய்வது போலக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோனாள். கையை இறக்காமலே, "அத உன்னையவே பாத்துக்கச் சொல்லிட்டாரு சாமி" என்றாள்.

நஞ்சுக்கொடி தானாக மேலேறிவிட்டது. கார்த்திகையில், மழை தூறிய ஒரு பிற்பகலில், பெண் பிறந்தாள். பேறுகாலத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளும் செவிலியின் முதுகு வலிக்கக் கூடாது என்று இங்கே கட்டிலின் நான்கு காலுக்கும் கட்டை கொடுத்து உயர்த்தச் சொல்கிறார்கள். அந்த உயரமான கட்டிலில் நான் ஏறி உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருக்க, ஞாயிற்றுக்கிழமை அழைப்பு வந்தது. அம்மாவின் நெற்றி வெறுமையாக இருந்தது. பூ இல்லை. கழுத்தில் ஒன்றுமில்லை. அவள் பிள்ளையைத்தான் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும்மா" என்றேன்.

"உனக்குத் தெரியும்னு எனக்குந் தெரியும்."

"எப்ப இருந்து?"

"கட்டுச்சோத்தன்னைக்கே. என்ற கையத்தான பாத்த."

"அப்பறம் எதுக்கும்மா பொட்டு வெச்சுட்டு வந்த?"

"நீதான வாராவாரம் கேட்ட, அப்பா என்ன சொன்னாருன்னு" என்றாள் அம்மா.

அம்மா ஆடித் திதியைத்தான் கும்பிடுவாள். எனக்கு அப்பா ஆவணியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாத்திரம் கழுவும் சத்தம் நின்றபோது இறந்தார். அங்கே எரித்துச் சாம்பல் கரைத்த பிறகும் இங்கே ஒரு மாதத்துக்கு மேல் அவர் சத்தீஸ்கர் காட்டில் துளை போட்டுக்கொண்டிருந்தார். என் மகளின் பல உதைகள் அந்த மாதத்தில் வந்தவை. அவற்றை நான் உயிரோடிருந்த ஒருவருக்காகத்தான் நினைவில் வைத்துக்கொண்டேன். இங்கே அலுவலகத்தில் துக்க விடுப்பு கேட்டபோது, எந்தத் தேதி என்று கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியாமல், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பிள்ளைக்குத் தலை நின்று, திரும்பிப் படுக்கப் பழகிய பிறகு, சித்திரை வெயிலில் ஊருக்குப் போனோம். கோயமுத்தூரிலிருந்து திருச்செங்கோடு வரும் வரை காரில் மாமா ரோட்டைப் பற்றியே பேசினார். துக்க வீட்டுக்கு வெளியூரிலிருந்து மகள் வந்தால், தெருமுனையிலேயே பெண்கள் வந்து கட்டிக்கொண்டு அழுவார்கள். ஒரு சுற்று அழுது முடித்துத்தான் தண்ணீர் கொடுப்பார்கள். ஆவணியிலிருந்து நான் அந்த ஒரு சுற்றுக்காகக் காத்திருந்தேன். கார் நின்றபோது கேட்டுக்கு முன்னால் பெண்கள் நின்றிருந்தார்கள். யாரும் கையை விரிக்கவில்லை. அத்தை ஆரத்தித் தட்டோடு நடுவில் நின்றாள். எல்லோரும் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்கள் அழுது முடித்து மாதக்கணக்காகிவிட்டது.

"அங்கயே நில்லு சாமி. மொதமொதல்ல வாரா அம்மணி" என்றாள் அத்தை.

"அப்படியே அவிங்கப்புச்சியாட்டமே மூஞ்சி" என்றாள் ஒருத்தி. அப்புச்சி, அதாவது என் அப்பா, பேச்சில் வந்ததும் எல்லோர் சிரிப்பும் நின்றது. "கண்ணு மட்டும் தினேஷ் தம்பியாட்டம்" என்று இன்னொருத்தி சமாளித்தாள். என் உதடு கோணுவதை அத்தை பார்த்துவிட்டாள். "பச்சப் புள்ளைய இடுப்புல வெச்சுட்டு வாசல்ல அழுவாத. உள்ளார போயிப் பாத்துக்கலாம்" என்றாள், தாழ்ந்த குரலில்.

நான் அத்தையைத் தாண்டி உள்ளே பார்த்தேன். அம்மா வீட்டுக்குள், கதவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள், ஆரத்திக்கு எதிரே படாதபடி ஓரமாக. கால்விரலில் மெட்டி இல்லை. மெட்டி இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. "அம்மா, வா" என்றேன். "முடியட்டும் சாமி" என்றாள்.

அத்தை தட்டை மூன்று முறை சுற்றினாள். சிவந்த தண்ணீரை விரலில் தொட்டுப் பிள்ளையின் நெற்றியிலும் என் நெற்றியிலும் வைத்தாள். மீதியைத் தெருவில் ஊற்றப் போனாள். அவள் திரும்பி வரும் வரை நான் உள்ளே போகக் கூடாது, அம்மா வெளியே வரக் கூடாது. பிள்ளை மட்டும் என் இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்துப் பழகிய அந்த முகத்தை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினாள்.